எங்கே இருக்கிறீர்கள்?

நேயர்களே, ஆபத்து வேளையில் மனிதன் எழுப்பும் குரலில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ‘உதவுங்கள்’ என்பது ஒன்று. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பது மற்றொன்று. ஊர் சிறிதாயிருந்த காலத்தில் இவ்விரண்டும் பிரியாது ஒன்றாகவே சென்றன. குரல் வந்த திசையை நோக்கி அயலார் ஓடினர். கூரைக்கு மேல் எழுந்த புகையே தீப்பற்றிய வீட்டைக் காட்டிக் கொடுத்தது. தொலைபேசி தோன்றியபின் குரல் பல மைல்களைக் கடந்து செல்லும் ஆற்றலைப் பெற்றது. ஆனால் இடத்தைப் பற்றிய செய்தி அதனுடன் கூடவே செல்லவில்லை. பிரிந்துபோன இவ்விரண்டையும் மீண்டும் ஒன்று சேர்க்கும் முயற்சியே அவசர அழைப்புச் சேவையின் வரலாறு எனலாம். அம்முயற்சியில் விஞ்ஞானிகளுக்கும் தொலைபேசிக் கம்பனிகளுக்கும் உள்ள பங்கை உலகம் அறியும். வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இடுகின்ற உள்ளூராட்சி மன்றங்களுக்கு உள்ள பங்கைப் பலர் அறியார். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10ஆம் திகதி, இலண்டன் மாநகரின் விம்போல் வீதியிலிருந்த மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் தீ மூண்டது. அயலவர் ஒருவர் அதனைக் கண்டு, தீயணைப்புப் படைக்கு அறிவிக்கத் தொலைபேசியை எடுத்தார். அக்காலத்தில் அழைப்புகளைத் தொலைபேசி நிலையத்து ஊழியர்களே இணைத்துக் கொடுத்தனர். உயிர் காக்க வந்த அழைப்பு எது, நலம் விசாரிக்க வந்த அழைப்பு எது என்று பிரித்தறியும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. அவருடைய அழைப்பும் ஏனையவற்றோடு வரிசையிலே காத்துநின்றது. அத்தீயில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். அவ்வயலவர் ‘த டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதம் அரசாங்க விசாரணைக்கு வழிகோலிற்று. அதன் பயனாக 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, 999 என்னும் அவசர இலக்கம் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அவ்விலக்கத்தை எவரேனும் சுழற்றினால் தொலைபேசி நிலையத்திலே சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பானும் முழங்கும். ஊழியர் ஏனைய வேலைகளை நிறுத்திவிட்டு அதனைக் கவனிப்பார்.

அந்த இலக்கத்தைத் தெரிவு செய்ததிலும் காரணம் இருந்தது. காற்றிலே கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்போது, 1 என்ற இலக்கத்தைச் சுழற்றியது போன்ற துடிப்பு தானாகவே உண்டாகக்கூடும்; ஆகவே 111 பொருந்தவில்லை. காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசிகளிலே, காசின்றி 9ஐச் சுழற்றுவதற்கு ஏற்றவாறு சிறு மாற்றம் செய்வது எளிதாயிருந்தது. புகையிலும் இருளிலும் கண் தெரியாதவிடத்து, விரலால் தடவியே அந்தத் துளையைக் கண்டுகொள்ளவும் முடிந்தது.

இனி, ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்வோம். நாடு முழுவதற்கும் 911 என்னும் இலக்கத்தை ஒதுக்கப்போவதாக அந்நாட்டின் மிகப் பெரிய தொலைபேசிக் கம்பனி 1968 ஜனவரியில் அறிவித்தது. அவ்விலக்கத்தில் முதல் அழைப்பு எங்கே ஒலித்தது? தலைநகராகிய வாஷிங்டனிலும் அன்று; நியூயோர்க்கிலும் அன்று. அலபாமா மாநிலத்திலுள்ள ஹேலிவில் என்னும் சிற்றூரில், வேறொரு சிறு கம்பனியின் முயற்சியால், 1968 பெப்ரவரி 16ஆம் திகதி அது ஒலித்தது. மாநிலச் சட்டசபையின் சபாநாயகர் ராங்கின் ஃபைட் நகர மண்டபத்திலிருந்து அழைத்தார். பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த சிவப்புத் தொலைபேசியை எடுத்துப் பதிலளித்தவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டொம் பெவில்.

சேவை சிற்றூரில் தொடங்கியதற்கேற்ப, அதன் அமைப்பும் ஊர்களின் கையிலேயே நிலைத்தது. அமெரிக்காவில் அவசர அழைப்புகளை ஏற்கும் தேசிய நிலையம் என ஒன்று இல்லை. நகர மன்றங்களும், கவுண்டி எனப்படும் மாவட்ட ஆட்சி மன்றங்களும் நடத்துகின்ற 5,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் அப்பணியைச் செய்கின்றன. தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து அறவிடப்படும் சிறு தொகை, அவற்றின் செலவில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது.

தொடக்கத்தில் அந்நிலையங்களிலிருந்த ஊழியர், அழைத்தவர் சொன்ன இடத்தையே நம்பவேண்டியிருந்தது. மூச்சுத் திணறுபவராலும் அஞ்சி நடுங்கும் குழந்தையாலும் முகவரியை எடுத்துரைக்க இயலுமோ? இக்குறையைப் போக்க மேம்பட்ட முறையொன்று பின்னர் வகுக்கப்பட்டது. அழைப்போடு அழைத்தவரின் தொலைபேசி இலக்கமும் சேர்ந்து வரும். கணினி அவ்விலக்கத்தைப் பதிவேட்டிலே தேடி, அதற்குரிய முகவரியை ஊழியரின் திரையில் காட்டும். கேட்பதற்கு எளிதான ஏற்பாடுதான். ஆனால் பதிவேட்டில் எழுதுவதற்கு முகவரி ஒன்று இருக்கவேண்டுமன்றோ? நாட்டுப்புறங்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அத்தகைய முகவரி இருக்கவில்லை. ‘கிராமத் தபால் வழி 2, பெட்டி 15’ என்பன போன்ற அடையாளங்களே இருந்தன. தபாற்காரருக்கு அது போதும். அவர் நாள்தோறும் அவ்வழியே செல்பவர். நள்ளிரவில் முதன்முறையாக அங்கு வரும் அம்புலன்ஸ் சாரதிக்கு அதனால் யாது பயன்?

எனவே கவுண்டி மன்றங்கள் பெருவேலையொன்றை மேற்கொண்டன. அலுவலர்கள் ஒவ்வொரு வீதியையும் அளந்தார்கள். பெயரில்லாத வீதிகளுக்குப் பெயரிட்டார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரோ, ஒத்து ஒலிக்கும் பெயரோ இரண்டு வீதிகளுக்கு இருந்தால் ஒன்றை மாற்றினார்கள். வீட்டு இலக்கமும் மனம்போனபடி இடப்படவில்லை. பல இடங்களில் பின்பற்றப்பட்ட முறைப்படி, ஒரு மைலுக்கு 1,000 இலக்கங்கள், அஃதாவது, 5.28 அடிக்கு ஓர் இலக்கம். ஒற்றை இலக்கங்கள் வீதியின் ஒரு பக்கத்துக்கும் இரட்டை இலக்கங்கள் மறுபக்கத்துக்கும் உரியன. ஆகவே 2,500 என்ற இலக்கத்தைக் கேட்டவுடனேயே, வீதியின் தொடக்கத்திலிருந்து இரண்டரை மைல் தொலைவில், இன்ன பக்கத்தில் அவ்வீடு உள்ளது என்பதைச் சாரதி கணக்கிட்டுக்கொள்ளலாம். மலைகள் நிறைந்த மேற்கு வெர்ஜீனியா மாநிலம், தன் நிலப்பரப்பு முழுவதிலும் இவ்வேலையைச் செய்து முடிப்பதற்காக 2001ஆம் ஆண்டில் தனித் திட்டமே வகுத்தது. அங்கே மக்களிற் சிலர் இதனை விரும்பவில்லை. தம்மை ஊரார் அனைவரும் அறிவர், இலக்கம் எதற்கு என்று கேட்டனர். ஊரார் அறிவர் என்பது உண்மையே. ஆயினும் உதவிக்கு வருபவர் ஊராராகவே இருப்பர் என்பது உறுதியன்று.

இவ்வாறு முகவரிகள் ஒழுங்குபட்டு வந்த வேளையில் கையடக்கத் தொலைபேசி பரவிற்று. கம்பியோடு பிணைக்கப்பட்ட தொலைபேசி வீட்டைவிட்டு நகராது. கையடக்கத் தொலைபேசிக்கோ நிலையான இடமில்லை. அழைப்பு எந்தக் கோபுரத்தின் வழியாக வந்தது என்பது தெரியும். ஆனால் ஒரு கோபுரத்தின் எல்லை பல மைல்கள் பரந்திருக்கலாம். எல்லையோரத்தில் நின்று அழைப்பவரின் குரல் அடுத்த மாவட்டத்து நிலையத்துக்குச் சென்றுவிடுவதும் உண்டு. 1996ஆம் ஆண்டில் அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணைக்குழு, அழைப்பவரின் இடத்தையும் கண்டறிந்து அனுப்பவேண்டும் எனக் கம்பனிகளைப் பணித்தது. இன்று தொலைபேசிக் கருவியே செய்மதிகளின் சமிக்ஞைகளையும், அருகிலுள்ள வைஃபை அலைகளையும் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்து, அழைப்பை ஏற்கும் நிலையத்துக்குத் தானாகவே அறிவிக்கும் முறை பல நாடுகளில் உள்ளது. பிரித்தானியாவில் இது 2014இல் தொடங்கியது. அடுக்குமாடிக் கட்டிடங்களில் வீதியை மட்டும் அறிவது போதாது என்பதால், எத்தனை மீற்றர் உயரத்தில் அழைப்பவர் இருக்கிறார் என்பதை 3 மீற்றர் அளவுக்குள் கணிக்கவேண்டும் என்ற விதியையும் அமெரிக்க ஆணைக்குழு 2019இல் ஏற்றது.

கருவி எவ்வளவு நுட்பமாயினும், சிறு தடையொன்று அதனைப் பயனற்றதாக்கிவிடும். 2013 டிசம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்து விடுதியொன்றில் தாய் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். உடனிருந்த ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பிக்கப்பட்டபடியே 911ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு வெளியே செல்லவில்லை. விடுதித் தொலைபேசியில் வெளியிணைப்புக்கு முதலில் 9ஐ அழுத்தவேண்டும் என்பது அச்சிறுமிக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். இத்தகைய இடங்களில் வேறெந்த இலக்கமுமின்றி நேரடியாகவே 911 இயங்கவேண்டும் என்று 2018இல் சட்டம் இயற்றப்பட்டது. கட்டிடத்தின் எந்தத் தளம், எந்த அறை என்பதும் அழைப்போடு செல்வதற்கு அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் வழிவகுத்தது.

மக்கள் அதிகாரிகளை அழைப்பதற்கு மட்டுமன்றி, அதிகாரிகள் மக்களை எச்சரிப்பதற்கும் இடம் பற்றிய அறிவு இன்றியமையாதது. 2017 ஒக்ரோபரில் கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் காட்டுத்தீ பரவியபோது, கையடக்கத் தொலைபேசிகள் அனைத்துக்கும் எச்சரிக்கை அனுப்பும் வசதி அதிகாரிகளிடம் இருந்தது. ஆயினும் அச்செய்தி தீ அணுகாத ஊர்களுக்கும் சென்று, மக்கள் ஒருங்கே வீதிக்கு வந்து வழியை அடைத்துவிடுவர் என அஞ்சி, அதனை அவர்கள் பயன்படுத்தாது விட்டனர். டப்ஸ் தீ என அழைக்கப்படும் அப்பெருந்தீயில் மட்டும் 22 பேர் மாண்டனர். குறித்த எல்லைக்கு அப்பால் ஒரு மைலின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எச்சரிக்கை செல்லலாகாது என்னும் விதி அதன் பின்னரே வந்தது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. பொலிஸாருக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்னும் இலக்கங்களை நேயர்கள் அறிவீர்கள். 1990 சேவை இந்திய அரசாங்கத்தின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடமாகாணத்தை எட்டியது. கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய நகரங்களின் தீயணைப்புப் படைகள் மாநகர சபைகளுக்கே உரியன. ஆயினும் அழைப்பை ஏற்பவர் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று வினவும்போது, நம்மிற் பலர் கூறும் விடை யாது? ‘சந்தியிலிருந்து நேரே வந்து, ஆலமரத்தடி ஒழுங்கையில் மூன்றாவது வீடு’ என்கிறோம். தொலைவிலே இருந்து கேட்பவர் எந்தச் சந்தியை, எந்த ஆலமரத்தை அறிவார்?

பெயரில்லாத ஒழுங்கைக்குப் பெயர் வைப்பதும், பெயர்ப்பலகையை இரவிலும் வாசிக்கத்தக்கதாய் நடுவதும், வீடுகளுக்கு ஒழுங்காக இலக்கமிடுவதும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் அன்றாட வேலைகள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அப்பெயர் ஒன்றாகவே ஒலித்தல் வேண்டும். ஒரு மொழியில் பெயர்த்தும் மறுமொழியில் ஒலிபெயர்த்தும் எழுதினால் ஒரே ஒழுங்கை இரண்டாகிவிடும். இவ்வேலைகளுக்குத் திறப்பு விழாவோ பாராட்டோ கிடைப்பது அரிது. ஆயினும் செய்மதியும் கணினியும் சுட்டிக்காட்டிய இடத்தின் கடைசி நூறு யாரைக் கடக்க உதவுவது அந்தப் பலகையே.

நேயர்களாகிய நமக்கும் கடமையுண்டு. ஆபத்து வேளையில் நிகழ்ந்ததை விவரிக்கும் முன்னர், இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். இடத்தைச் சொன்னபின் இணைப்பு அறுந்தாலும் உதவி வந்து சேரும்; நிகழ்ச்சியை மட்டும் சொல்லி இணைப்பு அறுந்தால், கேட்டவர் கையைப் பிசைந்துகொண்டிருப்பதன்றி வேறு செய்வதற்கில்லை. வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் முதியோருக்கும் வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், வீதியின் பெயர், ஊர் என்ற இந்நான்கையும் வரிசையாகச் சொல்லப் பழக்குங்கள். உங்கள் ஒழுங்கைக்குப் பெயர் இல்லையாயின், சபை அங்கத்தவரிடம் அதனைக் கேட்டுப் பெறுங்கள். அது வெறும் அலங்காரத்துக்கன்று, நம் உயிருக்காகக் கேட்பது.