டெலிவிஷன் வந்தது! சாப்பாடு கசந்தது!

பசிபிக் கடலில் இருக்கிறது பிஜித் தீவு. அங்கே விருந்து என்றால் கிழங்கும் மீனும் குவியும். "சாப்பிடு, நன்றாகச் சாப்பிடு" என்று வற்புறுத்திப் பரிமாறுவார்கள்.

"நீ சதை போட்டிருக்கிறாய்" என்றால், அது பாராட்டு! ஒரு பெண் இளைத்துவிட்டால் ஊரே கவலைப்படும்.

அப்படிப்பட்ட ஊரில், சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் பள்ளிக்கூடப் பெண்களிடம் வந்தது. ஏன்?

மூன்றே ஆண்டு!

1995-ம் ஆண்டு, அந்தத் தீவின் ஒரு மாகாணத்துக்கு முதன்முதலாக டெலிவிஷன் வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் அப்போது அங்கே 63 மாணவிகளை விசாரித்தார். மெலிவதற்காக வாந்தி எடுப்பவர் ஒருவர்கூட இல்லை.

1998-ல் மீண்டும் சென்று, 65 மாணவிகளை விசாரித்தார். 100-க்கு 11 பேர் வாந்தி எடுத்தார்கள். 100-க்கு 74 பேர், "நான் பருமனாக இருக்கிறேன்" என்று சில சமயமாவது வருந்தினார்கள்.

வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்களே டெலிவிஷனைச் சொன்னார்கள். அதில் வரும் ஒல்லியான பெண்களைப் போல ஆனால் நல்ல வேலை கிடைக்கும் என்று சிலர் நம்பினார்கள்!

பட்டினியின் விளைவு

உடம்பின் மீது வெறுப்பு வந்தால், சாப்பாட்டின் மீது பயம் வருகிறது. பயம் வந்தால் பட்டினி. பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

1945-ம் ஆண்டு அமெரிக்காவில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான். உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. இரவும் பகலும் சாப்பாட்டு நினைவே! சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள்.

சோதனை முடிந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. "போதும்" என்று சொல்லும் உணர்வு கெட்டுப்போயிருந்தது.

குழந்தைக்குத் தெரியும்

பசித்தால் குழந்தை அழுகிறது. வயிறு நிறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை!

பெரியவர்களும் இப்படிப் பசித்தபோது சாப்பிட்டு, போதும் என்றபோது நிறுத்த வேண்டும் என்று, அமெரிக்க உணவு நிபுணர்களான இரண்டு பெண்மணிகள் 1995-ல் புத்தகம் எழுதினார்கள். இப்படிச் சாப்பிடுகிறவர்களிடம் உடம்பைப் பற்றிய வெறுப்பும், சாப்பாட்டு நோயின் அறிகுறிகளும் குறைவாக இருப்பதைப் பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின.

ஆனால் ஒரு எச்சரிக்கை! நோய் முற்றியவர்களுக்கு இது மருந்து ஆகாது. அவர்களுக்குப் பசியே சரியாகத் தெரியாது. முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவு சாப்பிட வேண்டும்.

கவனியுங்கள்!

பெண் தனியாகவே சாப்பிடுகிறாளா? சாப்பிட்டதும் குளியல் அறைக்கு ஓடுகிறாளா? அடிக்கடி மயக்கம் வருகிறதா? மாதவிலக்கு நின்றுவிட்டதா? வீம்பு என்று திட்டாதீர்கள். இது நோய். இருதயத்தைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் வரும். காலத்தில் வைத்தியம் செய்தால் குணமாகும்.

"குண்டு", "ஒல்லிப்பிச்சான்" என்று வீட்டில் கேலி செய்யாதீர்கள். பிஜியில் அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது டெலிவிஷன் பெட்டி. நம் வீட்டில் அதைக் கொண்டுவர ஒரு சொல் போதும்!