காரீயமும் கலங்கிய மனமும்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில் சற்றேறக்குறைய 45 கிலோமீட்டர் சென்றால் வரும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளுக்கிடையே, ஆயுள் முடிந்த லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் தகடுகளை உலையிலிட்டு ஈயக் கட்டிகளாக வார்க்கும் ஆலைகளும் உண்டு. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அங்கே உருகுவது நஞ்சான காரீயம்.

அந்தப் புகையையும் தூசியையும் மாதக்கணக்கில் உட்கொண்ட தேகம் உடனே நோயுற்றதாகக் காட்சியளிப்பதில்லை. தூக்கம் கெடுகிறது, காரணமின்றிக் கோபம் வருகிறது, ஞாபகம் தடுமாறுகிறது, தாம்பத்திய இச்சை குன்றுகிறது, வயிறு முறுக்கி வலிக்கிறது, ஸ்கேனிலோ ஒன்றும் தெரிவதில்லை. ஆதலால் மருத்துவர் "டென்ஷன்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தருவதும், "நரம்புத் தளர்ச்சி" என்று அக்கம்பக்கத்தார் முடிவுகட்டுவதும், மனைவி பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் எளிதில் நிகழ்ந்துவிடுகின்றன. ரத்தத்தில் ஈயத்தை அளக்கும் ஒரே ஒரு பரிசோதனை மட்டும் எவர் நினைவுக்கும் எளிதில் வருவதில்லை.

மனக்கலக்கத்தாலேயே வயிறு வலிப்பவர்களும் உண்டென்று மனநல மருத்துவர்கள் கூறுவர், உண்டுதான். ஆனால் அப்படி முடிவுகட்டுமுன் தொழிலைக் கேட்டாக வேண்டும்.

நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700-லேயே எழுதினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் ஈய நஞ்சை முதலிடத்தில் வைத்தது. ஆயினும் கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்விக்கு அவகாசம் கிடைப்பது அருமை. கேட்டாலும் "கம்பெனி வேலை" என்ற இரண்டு சொல்லோடு பதில் முடிந்துவிடுகிறது.

என் நெஞ்சை ஓயாது அரிப்பது, பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, வலியைச் சொல்லத் தமிழும் அதைக் கேட்க ஆளும் இல்லாமல் நிற்கும் இளைஞர்களின் நிலை. வீட்டு ஏக்கம் என்று தீர்மானித்து அத்தகைய ஒருவரை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உலையைவிட்டு விலகியதும் ரத்தத்திலுள்ள ஈயம் மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது. எலும்பில் குடியேறியது பல வருஷங்களுக்கு அங்கேயே தங்கியிருக்க, தூக்கம் திரும்புகிறது, வயிற்றுவலியும் தணிகிறது. தாய் கைச் சோறு தின்றதும் தெளிந்துவிட்டான், எல்லாம் மனசுதான் என்று வீட்டார் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியோடேயே, பூரண சுகம் பெற்றவராக, பழைய உலைக்கே அவரை மீண்டும் ரயிலேற்றி விடுகிறார்கள்.