கேட்டும் கேளாத ஓசை

அருப்புக்கோட்டையைச் சார்ந்த எம்.ரெட்டியபட்டியில், திண்ணையில் அமர்ந்து மாணவன் ஒருவன் கணக்கில் ஆழ்ந்திருக்கிறான். ஆட்டுமந்தை கழுத்துமணி ஒலிக்கத் தெருவைக் கடக்கிறது. "எத்தனை மணிகள் ஒலித்தன?" என்று பின்னர் வினவினால் அவன் விழிப்பான். ஓசை செவியில் புகுந்தது. மனம் அதனை ஏற்கவில்லை. இடையனோ ஒரு மணியின் ஒலி குறையினும் திரும்பி நோக்குவான். ஆடு தவறினால் இழப்பு அவனுக்கன்றோ?

இங்கிலாந்தில் மோரே என்னும் உளநூலறிஞர் 1959-இல் இதனை ஆராய்ந்தார். ஒரு செவியில் கேட்கும் உரையைத் திருப்பிச் சொல்லுமாறு பணித்து, மறுசெவியில் சில சொற்களை 35 முறை ஒலிக்கச் செய்தார். கேட்டோர்க்கு அச்சொற்கள் நினைவில் நிற்கவில்லை. ஆயினும், அச்செவியில் தம் பெயர் ஒலித்தபோது சிலர் அதனை உணர்ந்தனர்!

நம் நாட்டு அவதானக்கலை இதற்கு மறுதலை. அவதானம் என்பதற்கே கவனம் என்று பொருள். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். இக்கலையில் ஒருவர் மணி அடிப்பார். மற்றொருவர் முதுகில் சிறுகல் எறிவார். அவற்றின் எண்ணிக்கையை மனத்திற் கொண்டவாறே அவதானி வெண்பாவும் பாடி முடிப்பார். பிறர்க்கு இடையூறாகும் ஓசை அவர்க்கு எண்ணத்தக்க பொருளாகிறது.

மணிகளை எண்ணுமாறு முன்பே பணித்திருந்தால், திண்ணை மாணவனும் எண்ணியிருப்பான், கணக்குத்தான் பிழைத்திருக்கும்.