மூணு எழுத்துக்கு விலை கொடுக்கிறதுக்கு முன்னாடி

பழைய பொருள்ல முதலீடு பண்ணலாமான்னு யோசிக்கிறீங்களா? இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனைக் கத்தியை எடுத்துக்குவோம். சேகரிக்கிறவங்க முதல்ல பார்க்கிறது பிளேடில் பிடியை ஒட்டி இருக்கிற தயாரிப்பாளர் முத்திரையைத்தான்.

ஹிட்லர் ஆட்சியின் தொடக்கத்தில் படைக்கருவி உற்பத்தியை ரகசியமா வச்சிருந்தாங்க. அதனால 'எஸ்' எழுத்தும் ஒரு எண்ணும்தான் கம்பெனி அடையாளம். வருஷத்துக்கும் ரகசிய எழுத்து: 'கே' என்றால் 1934, 'ஜி' என்றால் 1935. அப்புறம் சில வருஷம் கம்பெனி பெயரையே அடிச்சாங்க. 1940-லிருந்து சின்ன எழுத்துக் குறியீடு. 'சிஓஎஃப்' என்றால் சோலிங்கன் நகரத்து ஐக்ஹார்ன் கம்பெனி. நாஜிக் கட்சிக் குத்துவாள்களில் அதே கம்பெனிக்கு 'எம்7/66'. ஒரே ஆளுக்கு நாலு பான் கார்டு மாதிரி!

இந்த வரிசை தெரிஞ்சா ஆடிட் சுலபம். 'சிஓஎஃப்' முத்திரையோடு 1938-னு வருஷம் இருந்தா, அது இடிக்குது. ஆனா எல்லாம் பொருந்தினாலும் நம்பிடாதீங்க. பிளேடு அசலா இருக்கும், முத்திரை நேத்து அடிச்சதா இருக்கும். அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி கத்தி, உறை ரெண்டிலும் இருக்கிற வரிசை எண்ணைப் போட்டோ கேளுங்க. ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா, சொல்ற விலையைக் கொடுக்காதீங்க.