செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு 'கரி' என்று பெயர் வந்தது எப்படி?

கோவை போத்தனூரைத் தாண்டி செட்டிபாளையம் பக்கம் போகிறவர்களுக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற பெயர் பழக்கமானதுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும், "அதென்னங்க கரி? டயர் கரிஞ்ச வாசம் அடிக்கறதாலயா?" என்று ஒரு சந்தேகம் வரும். அடுப்புக்கரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரி என்பது ஒரு மனிதரின் செல்லப்பெயர்.

யார் அந்த கரி?

முழுப்பெயர் எஸ்.கரிவர்தன். கோவைக்காரர். ரேஸ் டிரைவர், அதைவிட முக்கியமாக ரேஸ் கார்களை வடிவமைத்துக் கட்டியவர். அந்தக் காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுபாதையில்தான் கார் பந்தயம் நடக்கும். பந்தயத்துக்கென்றே செய்த காரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யப் பெரும் பணம் வேண்டும். அதனால் திறமை இருந்தும் காசு இல்லாதவர்களுக்கு கதவு மூடியே கிடந்தது.

கரிவர்தன் கையில் எடுத்தது எளிய கணக்கு. 1983 இறுதியில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. இன்ஜினும் உதிரி பாகமும் உள்ளூரிலேயே கிடைக்க ஆரம்பித்தன. அந்த இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றைக் கட்டினார். அதுதான் 'ஃபார்முலா மாருதி'. எல்லோரும் ஒரே மாதிரி காரை ஓட்டும்போது, யாரிடம் காசு அதிகம் என்பதைவிட யார் நன்றாக ஓட்டுகிறார் என்பதே வெளியே தெரியும்.

அதனால் என்ன பலன்?

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் இந்தியாவில் ஓட்டிய முதல் பந்தயம் ஃபார்முலா மாருதி. இடம், ஸ்ரீபெரும்புதூர். அதே நரேன்தான் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-ல் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். 2010-ல் ஃபார்முலா 1-க்குப் போன கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டி வந்தவர்தான்.

இதையெல்லாம் பார்க்க கரிவர்தன் இல்லை. 1995-ல் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 41.

டிராக் எப்போது வந்தது?

முன்னாள் ரேஸ் டிரைவரும் கோவைத் தொழிலதிபருமான பி.விஜயகுமாரின் முயற்சியில் உருவான இந்த டிராக், 2003-ல் திறக்கப்பட்டது. நீளம் 2.1 கிலோமீட்டர். ஃபார்முலா 3 வரையிலான கார்களை ஓட்டலாம். ஊர்ப் பெயரையோ கம்பெனி பெயரையோ வைத்திருக்கலாம். ஆனால், கூட இருந்தவர்கள் கூப்பிட்ட 'கரி'யையே வைத்தார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது?

விளையாட்டு மைதானங்களுக்குப் பெயர் வைப்பதில் பல வழிகள் உண்டு. சேப்பாக்கம் மைதானத்துக்கு, கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த எம்.ஏ.சிதம்பரத்தின் பெயர். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டுக்கு, கௌதம புத்த நகர் மாவட்டத்தின் பெயர். அமெரிக்காவில் பெயரே விற்பனைக்கு. சான் பிரான்சிஸ்கோவில் 2000-ல் திறந்த பேஸ்பால் மைதானம் முதலில் பசிபிக் பெல் பார்க். 2004-ல் எஸ்பிசி பார்க். 2006-ல் ஏடி அண்ட் டி பார்க். 2019-ல் ஆரக்கிள் பார்க். இருபது வருடத்துக்குள் நான்கு பெயர்கள்! கம்பெனி மாறினால் போர்டும் மாறும்.

செட்டிபாளையத்தில் போர்டு மாறவில்லை. ஆனால், வேறொரு சிக்கல் இருக்கிறது. "கரி டிராக்ல ரேஸ்" என்று சொல்கிற இன்றைய இளைஞர்கள் பலருக்கு அந்த மனிதர் யாரென்று தெரியாது. பெயர் நிலைத்துவிட்டது, ஆள் மறைந்துபோகிறார்.

அவர் திறக்கப் பார்த்த கதவும் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. கார், டயர், பயிற்சி, பயணம் என்று மோட்டார் பந்தயம் இன்றும் செலவு பிடிக்கிற விளையாட்டுதான். சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் ஆசை அதோடு சரி.

ஒரு விஷயம் மட்டும் ஆறுதல். 'ஃபார்முலா பாரத்' என்ற மாணவர் போட்டி இதே டிராக்கில் நடக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, வெல்டிங் பிடித்து, போல்ட் முடுக்கிய கார்களோடு வருகிறார்கள். இப்போது அதில் எலெக்ட்ரிக் கார்களும் உண்டு. எந்த கார் வேகம் என்பதோடு, எவ்வளவு செலவில், ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்ற கேள்விக்கும் நடுவர்களிடம் பதில் சொல்ல வேண்டும். மாருதி 800 இன்ஜினை வைத்துக்கொண்டு கரிவர்தன் போட்டதும் அதே கணக்குதானுங்க.