பாரிஸ் லேப்டாப் பாதியில படுத்துடுச்சா?

பாண்டிச்சேரி பசங்களுக்கு இது புதுசே இல்ல. பாரிஸ்ல இருக்கற சித்தப்பா லீவுக்கு வரும்போது, சாக்லேட், சென்ட்டோட அவரோட பழைய லேப்டாப்பையும் தூக்கிட்டு வருவார். 'காலேஜுக்கு வெச்சுக்கோடா!' கீபோர்டு மட்டும் ஃப்ரெஞ்ச். 'ஏ' இடத்துல 'க்யூ' இருக்கும், 'இசட்' இடத்துல 'டபிள்யூ' இருக்கும். நம்பர் அடிக்க ஷிஃப்ட் அழுத்தணும். ரெண்டே வாரத்துல விரல் பழகிடும்.

பிரச்னை ஃபைனல் இயர்லதான் வரும். நாளை மறுநாள் ப்ராஜெக்ட் ரிவ்யூ. லேப்டாப் ஆமை வேகத்துல ஊர்ந்துட்டு இருக்கு. 'மச்சி, ஃபேக்டரி ரீஸ்டோர் போடு, புதுசு மாதிரி ஆயிடும்'னு ரூம்மேட் ஐடியா குடுப்பான். போடுறீங்க. திரையில ரெண்டு வழி வருது... 'கொன்செர்வே மே ஃபிஷியே', 'சுப்ரிமே தூ'. முதலாவது, என் ஃபைல்களை வெச்சுக்கோன்னு அர்த்தம். ரெண்டாவது, எல்லாத்தையும் அழி! ஸ்கூல்ல ஃப்ரெஞ்ச் எடுத்தவங்க தப்பிச்சாங்க. மத்தவங்க கதி?

முதலாவதையே அழுத்தினதா வெச்சுப்போம். 64 பர்சென்ட் வரைக்கும் போய் அப்படியே நிக்குது. அவசரத்துல பவர் பட்டனை அமுக்கிடறீங்க. அவ்ளோதான், கறுப்புத் திரை!

இப்ப கை பரபரக்கும். இன்னொரு தடவை ரீஸ்டோர் போட்டுப் பார்க்கலாமான்னு தோணும். ப்ளீஸ், வேண்டாம்!

முதல்ல ஃபைல், அப்புறம்தான் விண்டோஸ்

விண்டோஸை எப்ப வேணாலும் திரும்பப் போட்டுக்கலாம். உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எந்தக் கடையிலயும் கிடைக்காது. ரீஸ்டோர் பாதியில நின்னா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்லை. விண்டோஸ் கிளம்பாம இருக்கலாம். ஃபைல்கள் டிஸ்க்குல அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. மறுபடி மறுபடி ரீஸ்டோர் போட்டா, அதுங்க மேலேயே புதுசா எழுதிடும்.

ஃப்ரெண்டோட லேப்டாப்பை வாங்கி, ஒரு பென் டிரைவ்ல உபுண்டு லினக்ஸை ஏத்துங்க. அதை வெச்சு உங்க மெஷினை ஸ்டார்ட் பண்ணி, 'இன்ஸ்டால்' கொடுக்காம 'ட்ரை' மட்டும் கொடுங்க. டிஸ்க்கைத் திறந்து, வேணும்கற ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்குல காப்பி பண்ணுங்க.

பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் லேப்டாப்பை முதல்ல செட் பண்ணவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். அதாவது, சித்தப்பாவுக்கு ஒரு போன்! லேப்டாப் ஸ்டார்ட் ஆகும்போதே அந்தக் கீயைக் கேட்டா, ஃப்ரெஞ்ச் கீபோர்டோட மல்லுக்கட்ட வேண்டாம். எஃப்1-ல இருந்து எஃப்9 வரை 1 முதல் 9, எஃப்10-தான் 0.

ஃபைல் அழிஞ்சே போச்சா? டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக்னு ரெண்டு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. எழுதினவர் கிறிஸ்டோஃப் கிரெனியேங்கற ஃப்ரெஞ்சுக்காரர். நம்ம ஊருக்குப் பொருத்தம்தானே! பழைய ஹார்டு டிஸ்க்னா நம்பிக்கை வைக்கலாம். எஸ்எஸ்டின்னா அழிஞ்சது திரும்பறது கஷ்டம்.

ஏன் நின்னுச்சு?

காரணம் பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணு.

ஒண்ணு, டிஸ்க் கெட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே பர்சென்ட்ல நிக்குதுன்னா டிஸ்க் மேலதான் முதல் சந்தேகம். அதை மாத்தாம எத்தனை தடவை போட்டாலும் வேஸ்ட்.

ரெண்டு, ரெக்கவரி பார்ட்டிஷன் காணாம போயிருக்கும். லேப்டாப் கம்பெனிகள் சிடி தர்றதை நிறுத்திட்டு, டிஸ்க்லயே ஒரு ஓரத்துல ஒரிஜினல் காப்பியை ஒளிச்சு வெச்சாங்க. எஸ்எஸ்டி மாத்தும்போது அதைச் சேர்த்து காப்பி பண்ணலைன்னா, திரும்பிப் போக ஃபேக்டரியே இருக்காது!

மூணு, கரன்ட். 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ ஊரே இருட்டுல கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பேட்டரி செத்த லேப்டாப்ல மழை நாள்ல ரீஸ்டோர் போடறது தற்கொலைக்குச் சமம். அப்புறம், பழைய ஹார்டு டிஸ்க்குக்கு சில மணி நேரம் ஆகலாம். டிஸ்க் லைட் சிமிட்டிக்கிட்டே இருந்தா, பொறுமையா காத்திருங்க.

இப்பப் போடுங்க!

ஃபைல் பத்திரமா வந்தாச்சா? டிஸ்க் ஓகேவா? மைக்ரோசாஃப்ட் தர்ற மீடியா க்ரியேஷன் டூலை வெச்சு, 8 ஜிபி பென் டிரைவ்ல விண்டோஸை ஏத்துங்க. முன்னாடி ஹோம் எடிஷன் இருந்தா ஹோமையே போடுங்க. லைசென்ஸ் ஏற்கெனவே அந்த மெஷின்ல பதிஞ்சிருந்தா, நெட் கொடுத்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும். மொழியை இங்கிலீஷுக்கும் மாத்திக்கலாம். 'சுப்ரிமே தூ' பயம் இனி இல்லை!

ஒண்ணு கவனிங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும். சித்தப்பா லேப்டாப் ரொம்பப் பழசுன்னா, ட்ரை பண்ணிப் பார்த்தீங்களே, அந்த உபுண்டுவையே நிரந்தரமா வெச்சுக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் பீச் ரோடு போய், காந்தி சிலை பக்கத்துல நின்னு கடல் காத்து வாங்கிட்டே ஒரு காபி குடிங்க. ஆனா பாஸ்... அந்தக் காபிக்கு முன்னாடி ப்ராஜெக்டுக்கு ரெண்டு காப்பி! ஒண்ணு பென் டிரைவ்ல, ஒண்ணு மெயில்ல.