நாடு கடந்த தத்தெடுப்பும் தனி நபரும்

அயல்நாட்டில் வாழும் திருமணமாகாத ஒருவர் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க எண்ணும்பொழுது, இங்குள்ள ஏதேனுமொரு குழந்தைகள் இல்லத்திற்குக் கடிதம் எழுதுவதையோ, நேரில் வந்து குழந்தைகளைப் பார்ப்பதையோ முதற்படியாகக் கருதுவது உண்டு. இவ்விருப்பம் இயல்பானதே. ஆயினும் சட்டம் வகுத்துள்ள வரிசை இதற்கு நேர்மாறானது. முதல் விண்ணப்பம் அவர் வாழும் நாட்டிலேயே அளிக்கப்பட வேண்டும். குழந்தை பற்றிய பேச்சு அதன் பின்னரே எழும்.

இவ்வரிசை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுப்பதில் நடைபெறும் முறைகேடுகளைச் சுட்டி லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. வெளிநாட்டவரின் விண்ணப்பத்தை இந்திய நிறுவனம் எதுவும் நேரடியாகப் பெறலாகாது. அவர் நாட்டிலுள்ள அங்கீகாரம் பெற்ற சமூகநல அமைப்பொன்று அவருடைய இல்லச் சூழலை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். குழந்தைக்கு முதலில் இந்தியாவிலேயே குடும்பம் தேடப்பட வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம். விரும்புபவரும் குழந்தையும் நேரே சந்திக்கும் இடத்தில் பணம் நுழைவது எளிது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. 1990இல் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் (காரா) தொடக்க அமைப்பு உருவாயிற்று. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் உறுதிசெய்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் காராவைச் சட்டபூர்வ அமைப்பாக்கியது. அச்சட்டத்தின் நடைமுறைகளைப் புறக்கணித்து ஆதரவற்ற குழந்தையைத் தத்துக்காகக் கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும்.

தனி நபரின் தகுதி

தனி நபர் தத்தெடுப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமே திருமணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் மணவிலக்குப் பெற்றவளுக்கும் இவ்வுரிமையை அளித்தது. விந்தை என்னவெனில், கணவனுடன் வாழும் மனைவி தன் பெயரில் தத்தெடுக்க 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்துக்களல்லாதோருக்கும் வெளிநாட்டவருக்கும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி காப்பாளராகும் வழி மட்டுமே நெடுங்காலம் இருந்தது. சிறார் நீதிச் சட்டம் மதம், திருமண நிலை ஆகிய இரு தடைகளையும் அகற்றியது.

எனினும் ஒரு கட்டுப்பாடு எஞ்சியுள்ளது. தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. 1956ஆம் ஆண்டுச் சட்டமோ இருபத்தொரு ஆண்டு வயது இடைவெளி இருப்பின் இதனை அனுமதிக்கிறது. ஒரே செயலுக்கு இரு சட்டங்கள் இரு அளவுகோல்களைக் கொண்டிருப்பது சட்ட மாணவர்கள் சிந்திக்கத்தக்க முரண்பாடு. முழுமையான இல்ல ஆய்வு நடைபெறும் முறையில் இத்தகைய முழுத் தடை தேவைதானா என்னும் வினாவும் நியாயமானதே.

நடைமுறையில் பலரைத் தடுப்பது வயது வரம்பாகும். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தனி நபரின் உச்ச வயது 40. இரண்டு முதல் நான்கு வயது வரை 45. நான்கு முதல் எட்டு வயது வரை 50. எட்டு வயதுக்கு மேல் 55. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 ஆண்டு இடைவெளி இருத்தல் வேண்டும். ஆகவே 46 வயதான ஒரு பெண் கைக்குழந்தைக்கு விண்ணப்பிக்க இயலாது. நான்கு வயதைக் கடந்த குழந்தையையே அவர் எதிர்நோக்கலாம். முடிவெடுப்பதை ஓராண்டு ஒத்திப்போடுபவர் சில வேளைகளில் ஒரு படிநிலையையே இழக்க நேரிடும்.

இந்தியச் சட்டத்தில் தகுதி இருந்தால் மட்டும் போதாது. வாழும் நாட்டின் சட்டமும் இடங்கொடுக்க வேண்டும். இத்தாலியில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாய்ப்பை மணமான தம்பதியருக்கே ஒதுக்கியிருந்தது. தனி நபரை விலக்கியது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் திருமணமாகாத குடிமகன் குழந்தைக்கான மனுவை அளிக்கும்பொழுது 25 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். எனவே விண்ணப்பதாரர் முதலில் படிக்க வேண்டியது தம் நாட்டுச் சட்டத்தையே.

தொடக்கப் படிகள்

விண்ணப்பம், காராவின் அங்கீகாரம் பெற்ற அயல்நாட்டுத் தத்தெடுப்பு நிறுவனத்திடமோ, அந்நாட்டின் மத்திய அதிகார அமைப்பிடமோ அளிக்கப்படும். ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடுகளில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு இந்தியத் தூதரகம் துணைபுரிகிறது. அடுத்து வருவது இல்ல ஆய்வு அறிக்கை. வருவாய், உடல்நலம், குடியிருப்பு, குற்றப் பின்னணி இன்மை ஆகியவற்றோடு, தனி நபரிடம் கூடுதலாக ஓர் ஆவணம் கோரப்படுகிறது: அவருக்கு ஏதேனும் நேரிடின் குழந்தையைப் பேணுவதாக உறவினர் ஒருவர் அளிக்கும் உறுதிமொழி. சிலர் இதனை வெறும் சடங்காகக் கருதுகின்றனர். ஏற்கெனவே ஒரு குடும்பத்தை இழந்த குழந்தை மீண்டும் ஆதரவற்று நிற்கலாகாது என்பதே இதன் நோக்கமாதலால், அவ்வுறவினரைத் தேர்ந்தெடுப்பதில் முழுக் கவனம் செலுத்துவது நலம்.

எந்தக் குழந்தைகள் வெளிநாடு செல்கின்றனர் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது விண்ணப்பதாரரின் எதிர்பார்ப்பைச் செம்மைப்படுத்தும். தத்துக் கொடுக்கத் தடையில்லை என அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் இந்தியாவிலோ, வெளிநாடு வாழ் இந்தியரிடமோ குடும்பம் கிடைக்காத குழந்தையே நாடு கடந்த தத்தெடுப்புக்கு உரியதாகிறது. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உடையோர், உடன்பிறந்தோருடன் உள்ளோர், ஐந்து வயதைக் கடந்தோர் ஆகியோருக்கு இதில் முன்னுரிமை தரலாம் எனச் சட்டமே கூறுகிறது. 2018-19இல் இவ்வாறு வெளிநாடு சென்றோர் 653 பேர். 2024-25இல் நிகழ்ந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே அமைந்தன. உள்நாட்டில் ஏற்போர் பெருகுவது நன்றே. அதே வேளையில், வெளியே செல்லும் குழந்தைகளுள் மருத்துவமும் தனிக் கவனமும் தேவைப்படுவோரின் பங்கு கூடுதலாகவே இருக்கும். ஒற்றை வருவாயும் ஒருவரது நேரமும் மட்டுமே கொண்ட இல்லம் அத்தகைய குழந்தைக்கு என்ன அளிக்க இயலும் என்பதை இல்ல ஆய்வாளர் கேட்கும் முன்பே விண்ணப்பதாரர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தை பரிந்துரைக்கப்பட்டு ஏற்கப்பட்ட பின், காராவின் தடையின்மைச் சான்றும் தத்து ஆணையும் பெறப்படும். முன்பு நீதிமன்றம் வழங்கிய இவ்வாணையை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தது. அது 2022 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்சியர் அலுவலகங்களுக்கு இது கூடுதல் பணிச்சுமையே. ஆனால் இக்கோப்பு தேங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தை இல்லத்தில் கழிக்கும் வாரமாகும்.

உறவினரிடமிருந்து 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையைத் தத்தெடுத்துவிட்டு, பின்னர் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் அலைந்த வெளிநாடு வாழ் இந்தியர் பலர். இத்தகையோரும், உரிய சரிபார்ப்புக்குப்பின், காராவின் தடையின்மைச் சான்று பெற 2021இல் வழிவகை செய்யப்பட்டது. தாயகத்தில் சடங்கு முடிந்ததும் அனைத்தும் முடிந்தது எனக் கருதும் குடும்பங்களுக்கு இச்செய்தி சென்றடைய வேண்டியது அவசியம்.

குழந்தை அயல்நாடு சென்றபின், முதலாண்டில் மூன்று மாதங்களுக்கொரு முறையும் இரண்டாமாண்டில் ஆறு மாதங்களுக்கொரு முறையும் அதன் நலம் குறித்த அறிக்கை அந்நாட்டு நிறுவனத்திடமிருந்து இந்தியாவிற்கு வந்துகொண்டிருக்கும்.